அங்கேயும் இதே லட்சணம்தான்

மார்ச் 3

அலுவலகத்தில் புதுக் கூத்து. எங்கள் நாடும் எல்லைக்கு அந்தப்பக்கத்து நாடும் — எதில் வாழ்க்கைத் தரம் மேல் என்று கணக்கெடுக்கிறார்களாம். இரண்டுமே பாதி சாலையைப் போட்டுவிட்டு மீதியைக் கடவுளிடம் ஒப்படைத்த நாடுகள். ஆனைக்கும் ஆனைக்கும் சண்டை என்றால் பார்க்கலாம். இது இரண்டு எலிகள் மீசையை அளந்துகொள்வது.

சொந்த நாட்டுக்குச் சாதகமாக யாரும் பொய் எழுதிவிடக் கூடாது என்பதால் அவர்கள் ஆள் இங்கே, நாங்கள் அங்கே. எதற்கெடுத்தாலும் விழுக்காடு பேசுவதால் நாங்கள் 'சதவீதம்' என்று அழைக்கும் அதிகாரி என்னையும் அனுப்புகிறார். படிவத்தில் 'குழாய் உண்டா?' என்று கேள்வி இருக்கிறது. தண்ணீர் வருமா என்று இல்லையே என்றேன். அதற்குக் கட்டம் இல்லையாம்.

மார்ச் 5

தங்கையிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் புருஷன் மின்சார வேலை தெரிந்தவர். அந்த நாட்டுத் தொழிற்சாலை ஒன்று ஆறு மாதமாகக் கூப்பிடுகிறது. "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுக்கா. நீ சொன்னா போறோம், வேணாம்னா இல்ல" என்றாள்.

அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் செய்துவைத்தது நான். இப்போது அவர்கள் மூவரும் என்னோடுதான். மகளுக்கு ஐந்து வயது, வாயாடி. பெரியம்மா என்று ஆரம்பித்தால் தூங்கும்வரை நிறுத்தமாட்டாள்.

மார்ச் 18

வந்து சேர்ந்தேன். இங்கேயும் பேருந்து ஒரு மணி நேரம் தாமதம். மனசுக்கு இதமாக இருந்தது.

மார்ச் 20

மூன்று வீடுகள். மூன்றிலும் ஒரே ஃபிரிட்ஜ்! கதவில் அதே கிளி ஸ்டிக்கர். மூன்றாம் வீட்டில் அதைத் தூக்கி வந்த இருவருக்கும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரி முன்னால் மானம் போகக் கூடாதாம். ரொம்பச் சிரிக்கவும் முடியவில்லை. அவர்கள் ஆள் வருகிறார் என்று எங்கள் எதிர்வீட்டுக்காரி சோபா இரவல் கேட்டாளாம். தங்கை போனில் சொன்னாள். பொய்யில் இரண்டு நாடும் அண்ணன் தம்பி.

ஃபிரிட்ஜ் யாருடையது என்று விசாரித்து ஒரே படிவத்தில் குறித்தேன். பொய் எழுதுகிற கை இல்லை இது.

மார்ச் 22

தெருக்கோடியில் சின்ன ஆஸ்பத்திரி. பூட்டியிருக்கும் என்று ஆசையோடு போனேன். திறந்திருந்தது. இரைப்போடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சுக்கு மெஷின் வைத்தாகிவிட்டது. எப்போதும் இப்படித்தானா என்று நர்சிடம் கேட்டேன். "ரெண்டு மெஷின் இருக்கு. ஒண்ணு ரிப்பேர்னா இன்னொண்ணு. இதுல என்ன அதிசயம்?" என்றாள்.

மறுபடி சாயங்காலம் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். அப்போதும் அந்த நர்ஸ் இருந்தாள். எனக்கு எரிச்சல். ஏன் எரிச்சல்? வாயாடிக்கும் இதே இரைப்புதான். எங்கள் ஆஸ்பத்திரி மெஷின் இரண்டு வருடமாகத் துணி போர்த்தித் தூங்குகிறது.

மார்ச் 27

வீடு. செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை கேட்டாள். அங்கேயும் இதே லட்சணம்தான் என்றேன். பேருந்தையும் ஃபிரிட்ஜையும் சொன்னதில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லையே. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். அது போதாதா?

மாப்பிள்ளை தொழிற்சாலைக்கு 'வரவில்லை' என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 9

மத்தியானம் புள்ளைக்கு மூச்சே வரல. உதடு நீலமா — ஆஸ்பத்திரியில் அந்த மெஷின், அந்தப் பாழாப்போன துணி! பக்கத்து நகரத்துக்கு நாற்பது நிமிடம். மாப்பிள்ளை வண்டியை எப்படி ஓட்டினார் என்றே தெரியவில்லை. பிழைத்துவிட்டாள். பிழைத்துவிட்டாள்.

வார்டு பெஞ்சில் தங்கை கேட்டாள், "அங்கயும் இப்படித்தானேக்கா?" ஆறுதலுக்குத்தான் கேட்டாள். ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். "இல்லடி. ரெண்டு மெஷின் இருக்கு. நான் பாத்தேன்" என்றேன்.

எழுந்துபோய் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, "நாங்க போயிடுவோம்னு பயம்னா அதைச் சொல்லியிருக்கலாமே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 12

தொழிற்சாலையில் இடம் இன்னும் இருக்கிறதாம். நானே பேசச் சொன்னேன்.

ஏப்ரல் 16

முதல் கட்ட முடிவு: எங்கள் நாடு அரைப் புள்ளி முன்னால்! ஆஸ்பத்திரிக் கட்டிடங்களை எண்ணினார்களாம். சதவீதத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கங்கெட்ட அரைப் புள்ளி.

ஏப்ரல் 30

மூவரையும் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

மே 6

விடுபட்ட தெருக்களில் கணக்கெடுக்க அந்த நாட்டு ஆள் வந்திருந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா. என் வீட்டில் எத்தனை பேர் என்றார். நாலு என்றேன். வயது கேட்டார். என் வயதோடு முப்பத்தாறு, முப்பத்தொன்று, ஐந்து என்று சொல்லிவிட்டேன்.

எழுதி முடித்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். யாரையும் காணோமே என்றார்.

"அடிச்சிடுங்க. ஒருத்திதான்" என்றேன்.

அவர் பொறுமையாக மூன்று வரியையும் அடித்தார். மற்றவர்கள் எங்கே என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது; கேட்டார்.

"உங்க நாட்டுலதான்" என்றேன். "நல்லா இருக்காங்க."