யானைக்குளம் எல்லை தாண்டிய செய்தியும் சுட்டிக்குச் சந்தனம் இட்ட வரலாறும்

மழை வேண்டும்போது பொழிக. வயல் வேண்டுமட்டும் விளைக. வெண்ணாவல் நாட்டு நாவல் மரங்கள் வழிப்போக்கர் நாவையெல்லாம் ஊதாவாக்கி அனுப்புக.

வெண்ணாவல் நாட்டு யானைப்படைக்கு உரியவரும், அவற்றைத் தம் கண்முன்னே குளிப்பாட்டச் செய்யும் பொறுமைக்கு உரியவருமான பேரரசி முல்லைமாதேவியார் திருமுன்பு, செங்கழனி நாட்டு வேந்தர் நெடுவயக்கோ ஆணைப்படி ஓலைநாயகி வேண்மாள் எழுதிப் போக்கும் ஓலை. இங்கே வேந்தரும் மணமகன் இளவேட்டனாரும் நலம். அங்கே தேவியாரும், மணமகள் நறுவீயாரும், யானைகளும் நலந்தானே?

நிற்க. எம் நாட்டிலிருந்து அனுப்பிய எல்லைப்படத்தில் தேவியாரின் யானைக்குளம் எம் பக்கம் விழுந்திருக்கக் கண்டு, பெண்ணைக் கேட்டார்கள், தர இசைந்தோம், குளத்தையும் சீராகக் கேட்கிறார்களோ என்று தேவியார் சினந்ததும், எல்லை திருந்தும்வரை மணமில்லை, திருந்தாவிடில் யானைகளே நேரில் வந்து குளத்தைக் கேட்கும் என்று எழுதியதும், அவ்வோலையைத் தேவியாரின் தூதர் அதிகமாறனார் உடைவாளோடு கொண்டுவந்து தந்ததும் நடந்தன. ஓலை மிக அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. அந்த அகலம் பயன்பட்ட விதத்தைப் பின்னர் விண்ணப்பிக்கிறோம்.

படத்தை வரைந்தவர் எம் எல்லைப்படநாயகர் பூதங்கண்ணனார். கணினித் திரையில் அவர் இழுத்த கோடு இதுநாள்வரை கோணியதில்லை. இதை அவரே தெருவில் நின்று சொல்லக் கேட்டிருக்கிறோம், பலமுறை. அவருடையது பழைய சுட்டி. கடைவீதியில் மவுஸ் என்பார்களே, அதுதான். நீண்ட வடமும் வயிற்றுக்குள் உருளும் உருண்டையும் உடையது. அதை வேறெவரும் தொட விடமாட்டார். தேவியார் நிச்சயதார்த்தச் சீரோடு அனுப்பிய வடமில்லாச் சுட்டியையோ, கட்டி வைக்காத பொருள் ஓடிப்போகும் என்று பேழைக்குள் பூட்டிவிட்டார். தேவியார் இதை மனத்தில் கொள்ள வேண்டா.

செய்தி பரவியதும் ஊருக்குக் கொண்டாட்டம். குளத்தங்கரையில் அவருக்குக் கை நடுங்குகிறது என்றார்கள். சந்தையில் அவர் கைக்கூலி வாங்கிவிட்டார் என்றார்கள். அவர் மனைவியார் சொன்னதோ சுவருக்கு இப்பாலும் கேட்டது: "கை நடுங்குதா, கண் மங்குதா, இல்லை யானை வளர்க்க ஆசை வந்துட்டுதா? எங்கே கட்டுவீர், கொல்லையிலா?" பூதங்கண்ணனார் வலக்கையை விளக்கொளியில் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கமில்லை. ஆனால் கோடு கோணியிருக்கிறதே! குளம் போனால் பெறலாம். தம் கையின்மேல் இருந்த நம்பிக்கை போனால் தாம் எதற்கு என்று அன்று அவர் உணவையும் ஒதுக்கினார். புளிக்குழம்பு வைத்த நாளில் அவர் ஒதுக்குவது அபூர்வம்.

மறுநாள் அவையில் அதிகமாறனார் மீசையை நீவியபடி, "ஓய் பூதங்கண்ணரே, குளத்தை எங்கே ஐயா ஒளித்து வைத்திருக்கிறீர்?" என்று தொடங்கினார். தம் கையில் குற்றமில்லை என்று இவர் தாழ்ந்த குரலில் சொல்ல, அப்படியானால் நானே வரைகிறேன், பிடிப்பதற்கு இதென்ன மதயானையா என்று தூதர் சுட்டியைப் பற்றி இழுத்தார். கோடு தெற்கே இறங்கியது, சற்றுத் திக்கியது, பிறகு கிழக்கே பாய்ந்தது. தூதர் கையைத் தூக்கி வைத்து மீண்டும் இழுத்தார். குளம் எமக்கு வந்தது. நாவல் தோப்பு வந்தது. தேவியாரின் அரண்மனையும், மடைப்பள்ளியும், தூதர் சொந்த வீடும் அடுத்தடுத்து எம் நாட்டில் சேர்ந்தன. வேந்தர் அரியணையிலிருந்து எழுந்து, "அதிகமாறரே, போதும். இதற்குமேல் ஆள எம்மிடம் அதிகாரிகள் இல்லை," என்று அருளவே, அவை அதிர்ந்து சிரித்தது. தூதரும் சிரித்தார், வாள் கழன்று விழுந்ததையும் கவனிக்கவில்லை.

சிரிக்காதவர் ஒருவரே. பூதங்கண்ணனார் தம் கையைப் பார்த்தார், தூதர் கையைப் பார்த்தார், பிறகு சுட்டியைக் கவிழ்த்தார். வயிற்று மூடியைத் திருகியதும் உருண்டை குதித்து அரியணைக்கு அடியில் ஓடிற்று. அமைச்சர் எழுவரும் தவழ்ந்து தேடிய காட்சியை ஓலையில் எழுதல் மரபன்று. நேரில் வரும்போது சொல்கிறோம். உருண்டை இருந்த குழிக்குள் இரு சிறு உருளைகள். ஒன்றில் நூலும் தூசும். மற்றொன்றில், நகக்கனம் காய்ந்த சந்தனம்!

ஆயுத பூசையன்று எம் நாட்டார் வாளுக்கும் ஏருக்கும் உலக்கைக்கும் பொட்டிடுவது தேவியார் அறிந்ததே. மற்றவர்கள் சுட்டியின் முதுகில் ஒரு பொட்டோடு நிறுத்தினார்கள். பூதங்கண்ணனார்க்கு அது போதவில்லை. உழைப்பது வயிறல்லவா, முதுகா என்று வயிற்றுக்குள்ளும் குழைத்துப் பூசியிருக்கிறார். பூசியதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னவரும் அவரே. அதன்பின் சுட்டி திக்கியதை உணர்ந்தும், மணநாள் நெருங்கிய அவசரத்தில் கோடு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தாரேயன்றிப் போன வழியைப் பார்க்கவில்லை. இதை அவையில் அவரே ஒப்புக்கொண்டார். கை நடுங்கவில்லை என்றறிந்த மகிழ்ச்சியில், குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும் அவர் முகம் மாப்பிள்ளை முகம்போல் இருந்தது.

இரும்பு பட்டால் உருளை கீறும் என்று தூதர் தம் வெற்றிலைப் பையிலிருந்து காம்புகளை எடுத்துத் தர, இருவரும் தலையோடு தலை முட்டச் சந்தனத்தைச் சுரண்டினார்கள். ஈரத்துணியால் உருண்டையைத் துடைத்து, நிழலில் உலர வைத்தார்கள். உலரும்வரை பொறுக்காத வேந்தர், சீராக வந்த சுட்டி எங்கே என்று வினவினார். பேழை வந்தது. பேட்டரியை உள்ளேயே விட்டுப் பூட்டியிருந்ததால் அது கசிந்து, தகட்டில் பச்சைப் பாசி பூத்திருந்தது. காடியில், கடைவீதியில் வினிகர் என்பார்களே, அதில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாய் உலர்த்திப் புதிய பேட்டரி இட்டார்கள். அடிவயிற்றின் கண்ணிலும், ஆம் தேவியாரே, ஒரு குங்குமப் பொட்டு. வெறுத்த பொருளுக்கும் பூசையில் குறை வைக்காதவர்! அதையும் துடைத்ததும் சிவந்த ஒளி வந்தது. ஆயினும் திரையில் அம்பு அசையவில்லை. அவைக்களத்துப் பளிங்கு மேசை கண்ணாடிபோல் மின்ன, சுட்டியின் கண் கூசி நின்றது. மினுக்கமில்லாத ஏதாவது அடியில் வையுங்கள் என்று பூதங்கண்ணனார் கூவ, கைக்கெட்டியது ஒன்றே. தேவியார் அனுப்பிய போர் ஓலை.

அதன்மேல் சுட்டி மான்குட்டிபோல் ஓடிற்று. "யானைகளே வரும்" என்ற வரியின்மீது இழுத்த கோடு நேராக இறங்கி, குளத்தை ஒரு துளியும் சிந்தாமல் தேவியார் பக்கம் விட்டது. தூதர் பூதங்கண்ணனாரைக் கட்டித் தழுவினார். திருந்திய படம் இத்துடன் வருகிறது. கோடு போன வழியையும் இம்முறை மூவர் பார்த்தார்கள்.

ஆதலின் வேந்தர் ஆணையாவது: இனி ஆயுத பூசையில் சுட்டிக்குப் பொட்டு முதுகில் மட்டும். பேழையில் வைக்குமுன் பேட்டரியைக் கழற்றுக. வடத்தைச் சுட்டியின் கழுத்தோடு இறுக்கிச் சுற்றாதிருக்க. பூதங்கண்ணனார் தம் பதவியில் நிலைக்க. ஊரார் அவர் கையைப் பற்றிப் பேசுவதை விடுக. (கடைசி ஆணை எம் தெருவில் நடப்பது ஐயமே.)

இனி ஒரு வேண்டுகோள். போர் ஓலைக்கு மறுமொழி எழுதியதும் மூலத்தைத் திருப்புவது மரபாயினும், அதன்மேல் சுட்டி ஓடுவதுபோல் வேறெதன்மேலும் ஓடாமையால், பூதங்கண்ணனார் அதைத் தர மறுக்கிறார். தேவியார் பொறுத்தருளி, மண ஓலையையும் அதே அகலத்தில் எழுதி அனுப்புக. பழைய சுட்டிக்கு அடியில் விரிக்க ஒன்றும் இல்லை.

நெடுவயக்கோ வேந்தர் நெற்கதிர் முத்திரை இட்டது. யானைகள் விருந்துக்கு வருக; குளித்துவிட்டு வருக.