மேடைக்கு அடியில் இருந்த கை

இன்று காலை ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொல்யூஷன் டப்பாவை மூடாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிளாஸ்டிக் பைப்பை ஒட்டுகிற அந்தப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். செத்துப்போனவனை நினைத்தால் மனசு இளகிவிடும் என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, மாப்ள. ஷார்ஜாவில் இதைப் பேச எனக்கு ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரர்கள் வந்த அந்தக் குளிர்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். துபாயில் ஒரு கலையரங்கில் அவர்களுடைய பழைய தண்ணீர் வித்தை. மேடை அமைக்கிற வேலை நம் கம்பெனிக்கு வந்தது. பைப் வேலைக்கு என்னையும், கூடமாட உன்னையும் அனுப்பினார்கள். பட்டு உடை போட்ட அந்த அம்மா விசிறியை விரித்துப் பிடிப்பார். அதன் நுனியிலிருந்து தண்ணீர் பீறிட்டு எழும். இன்னொரு விசிறியால் அதைத் தொட்டு எடுப்பதுபோல் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையில் வைப்பார். விசிறியில் தண்ணீர் நின்று, தலையிலிருந்து ஊற்று கிளம்பும். பிறகு தேநீர்க் கோப்பையிலிருந்து, வாள் முனையிலிருந்து. அவர்கள் ஊர் நரம்பு வாத்தியம் ஒன்று அதற்குத் தாளம் போல வாசித்துக்கொண்டே இருக்கும்.

அந்தத் தண்ணீருக்குக் கீழே நாம் இருந்தோம். மேடைப் பலகைக்கு அடியில் நீ முட்டி போட்டு, இடுக்கு வழியாகப் பார்த்து, “இப்ப விசிறி… இப்ப தலை… விடு மாப்ள, விடு” என்று கிசுகிசுப்பாய். நான் வால்வுகளைத் திருப்புவேன். நீ அரை மூச்சு பிந்தினாலும் மேலே அந்த அம்மாவின் கை வெறும் கையாகிவிடும். ஒத்திகையில் ஒருமுறை அப்படி ஆனபோது அவர் சிரித்துவிட்டு, விசிறியை உதறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவர் நம்மைத் திட்டியதே இல்லை.

ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் அவர் குனிந்து மேடைக்கு அடியில் வந்து, நம் இருவருக்கும் தலை தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். முதல் நாள் நீ பதறிப்போய் எழுந்து பலகையில் மண்டையை இடித்துக்கொண்டாய். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், “ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். கீழே நடப்பது கீழேயே இருக்கட்டும் என்கிறார்” என்று இங்கிலீஷில் சொன்னார். நீதான் முந்திக்கொண்டு, “ஓகே மேடம், ப்ராமிஸ்” என்றாய். அடுத்து குவைத்தில், அப்பாசியாவில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நிகழ்ச்சி. அதற்கும் நாம் இருவரும்தான் வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார்.

போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருந்த அந்த வீடியோவை எனக்குக் காட்டியது சூப்பர்வைசர். மேடைக்கு அடியில் பைப்புகள், வால்வுகள், அவற்றைத் திருப்புகிற ஒரு கை. சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தாய். மெஷினில் மாட்டி வளைந்துபோன என் சுண்டு விரல் தெளிவாகத் தெரிந்தது.

“யே கிஸ்கா ஹாத் ஹை?” என்று கேட்டார். யார் கை இது?

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். “இஸ்கா, பாய்.” இவனோடது.

அவ்வளவுதான். போன் யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “நான் எடுக்கல பாய், என் ரெண்டு கையும் வால்வுலதான் இருந்துச்சு” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். “கலாஸ்”, முடிந்தது என்று கையை வீசிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை விசிறியில் தண்ணீர் எழுந்தபோது முன்வரிசையில் யாரோ “பைப்! பைப்!” என்று கத்தினார்கள். அரங்கம் சிரித்தது. அந்த அம்மா நிறுத்தாமல் கடைசிவரை செய்தார். ஆனால் காட்சிக்கு முன்னால் அவர் கீழே வரவில்லை.

ரூமில் உன்னிடம் கேட்டேன். “ஏன்டா இப்படிப் பண்ணுன?”

“கை ஒன்னோடதுதான மாப்ள? நான் என்ன பொய்யா சொன்னேன்?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

என்னைக் கேம்ப் கக்கூஸ் லைன் வேலைக்குப் போட்டார்கள். நீ குவைத்துக்குப் போனாய். இன்னொருவனை வால்வில் உட்கார வைத்து, அதே “இப்ப விசிறி, இப்ப தலை”யைச் சொல்லியிருப்பாய். அங்கிருந்து சவூதியில் ஜுபைல். அங்கேதான், தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை என்று சேதி வந்தது. என்றாவது நேருக்கு நேர் உன்னைக் கேட்டுவிடலாம் என்று வைத்திருந்த கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

லீவில் ஊருக்குப் போனபோது பரமக்குடியில் உன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உன் மனைவி காபி வைத்துவிட்டு, போனை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். அதே வீடியோ. அதே பாட்டு.

“இது அவரு கைதாண்ணே. ஜப்பான்காரங்களுக்கு அவருதான் தண்ணி விட்டாராம், தெருவுக்கே காட்டுனோம். விரலு வளஞ்சதக்கூட எங்கிட்ட சொல்லல பாருங்க. இத அனுப்பினதுக்கப்புறம் அவரு ஊருக்கே வரலயே. பொட்டியில வந்தப்ப தொடக்கூட விடலண்ணே.” திரையில் அந்த விரலின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். “நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?”

“ஆமாம்மா” என்றேன். “பக்கத்துலதான் இருந்தேன்.” காபியை இடது கையால் எடுத்துக் குடித்தேன். வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது.

அங்கே சூப்பர்வைசரிடம் என் கை என்றாய். இங்கே இவளிடம் உன் கை என்றிருக்கிறாய். பஸ் ஏறும்வரை வலது கையைத் துண்டிலிருந்து நான் வெளியே எடுக்கவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். “அண்ணே, அவரு கை தெரியுற மாதிரி வேற வீடியோ ஏதாச்சும் ஒங்க போன்ல இருக்கா? சின்னவ கேட்டுக்கிட்டே இருக்கா.”

ஒரு வால்வும் என் கையும் இருந்தால் போதும், எடுத்துவிடலாம். நேற்று போனை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, பட்டனைக்கூட அமுக்கினேன். கையை நீட்ட முடியவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. குவைத் வேலையை மட்டும்தான் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், மாப்ள.