கிழக்கிலிருந்து மூன்றாவது மரம்

அரும்பாவூர்
21-8-1981

அன்புள்ள அண்ணன் இளையபெருமாளுக்குத் தங்கை மலர்க்கொடி எழுதுவது. இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே அண்ணா, கூட இருக்கிற தமிழ்ப் பட்டாளத்துக்காரர்களிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே கவரில் இருக்கிறது. நாங்கள் சுகம், பனியில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இது அம்மா தூங்கிய பிறகு எழுதுவது.

காஷ்மீரில் ஒரு பேரிக்காய் மற்றதற்கெல்லாம் முன்னால் ஆனியிலேயே பழுக்கிறது, தோட்டக்காரர் அதற்குத் தன் மகள் பெயரை வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை அம்மா என்னை நாலு தடவை வாசிக்கச் சொன்னது. நம் வீராயி அக்கா ஏழு வயதில் காய்ச்சலில் போவதற்கு முன் ஊன்றிய கொட்டைதானே கிணற்றடி மாமரம். மற்ற மரங்களெல்லாம் வைகாசிக்கு மேல்தான் பழுக்க, அது பங்குனியிலேயே பழுப்பதால் தெருவே அதை வீராயி காய் என்கிறது. பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கும் பெரியப்பா அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், அரங்கநாதன் முந்தி என்று தன் பெயரை எழுதி வைத்துப் பரிசும் வாங்கிவிட்டார். இனி அதே பெயரில் ஒட்டுக்கன்று போடப் போகிறாராம். போன வாரம் அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, உன் கடிதத்தைச் சொல்லி, வீராயி பேரையே வைக்கக் கூடாதாங்க மாமா என்று கேட்டது. அவர் சிரித்தார். "செத்த புள்ள பேர வச்சா எவன் வாங்குவான்? துக்க வூட்டுப் பழம்னு தூக்கிப் போட்டுட்டுப் போவான்" என்றார். அம்மா அவருக்கு மோர் ஊற்றியது. எனக்கு அந்தச் செம்பைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

கன்றுக்காரர் பெரியசாமி ஒட்டுக் கட்டக் குச்சி வெட்ட வருவார், மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வை என்று பெரியப்பா என்னிடம்தான் சொன்னார். எந்த மரம் என்றே அவருக்குத் தெரியாது அண்ணா, ஒரு குடம் தண்ணீராவது ஊற்றியிருந்தால்தானே தெரியும். காய் இல்லாத காலத்தில் கிணற்றடி வரிசையில் இருக்கிற ஆறு மரமும் அவருக்கு ஒன்றுதான். நான் நம் மரத்தில் கட்டவில்லை. கிழக்கிலிருந்து மூன்றாவதில், மாடுகூட முகர்ந்துவிட்டுப் போகிற அந்த நார்க்காய் மரத்தில் கட்டினேன். அம்மா களையெடுக்கப் போயிருந்தது. பெரியசாமி இலையைக் கசக்கி மூக்கில் வைத்து, "ஏம் பாப்பா, வாசனையே இல்லியே, இதானா?" என்றார். இதான் என்றேன். குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பாவம் செய்தேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலு வருஷம் கழித்து ஊர் ஊராக அது காய்க்கட்டும். ஆனி போயும் பழுக்காமல், பழுத்தும் புளித்து, வாங்கினவர்களெல்லாம் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லித் துப்பட்டும். நல்லவேளை, அதில் அக்கா பெயர் இல்லை.

ஆனால் இன்று சாயங்காலம் பெரியப்பா வந்துவிட்டார். பெரியசாமிக்குச் சந்தேகமாம். சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்தார். எத்தனையாவது மரம் என்று உனக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போகாமல் திண்ணையில் படுத்திருக்கிறார். மூன்றாவது என்று எழுது அண்ணா. நம் மரம் ஐந்தாவது என்று உண்மையை எழுதிவிடாதே, பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவது அவர்தானே, என்னை நிறுத்திவிடுவார். அம்மாவைக் கேட்டால் அதற்குப் பொய் சொல்ல வராது. கல்லங்குறிச்சிப் பெருமாள் உன்னைக் காப்பாற்றட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பா குரல். அம்மாவை எழுப்பி, விளக்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வரச்