அன்னம்மாளின் முதல் கத்தி

வேலூர் ஆஸ்பத்திரி,
வெள்ளிக்கிழமை காலை

என் கண்ணான மகன் ரஃபி அகமதுக்கு அம்மா சுகரா பேகம் சலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உன் அத்தாவும் நானும் நலமாயிருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் ரங்கூனில் நீயும் மருமகளும் அதே மாதிரி இருப்பதாக உன் கையால் நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கட்டியை எடுத்தாகிவிட்டது! முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி. எழுந்து சாய்ந்து உட்கார்ந்து நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாயிருந்தால் அது கட்டிலின் குற்றம்.

பிடரியில் இருந்த கட்டி ரம்ஜானுக்குப் பிறகு எலுமிச்சம்பழம் அளவு வளர்ந்துவிட்டது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் உயிர் போய்த் திரும்பி வந்தது, அதனால்தான் உன் அத்தா தோல் பதனிடுகிற ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆம்பூரில் ரயிலேற்றிக் கூட்டிவந்தார். துணைக்கு உன் அத்தை அக்தரி பேகம். நீதான் எழுதியிருந்தாயே, "கத்துக்குட்டிங்க கையில கழுத்தக் குடுத்துடாதம்மா, பெரிய டாக்டர்தான் தொடணும்னு கண்டிஷனா சொல்லிடு" என்று, அதை நான் மறக்கவே இல்லை. ஆனால் இங்கே வந்து பார்த்தால் பெரிய டாக்டரம்மா பின்னால் வெள்ளைச் சேலை கட்டி, டாக்டருக்குப் படிக்கிற பெண்கள் வரிசையாக வருகிறார்கள், தோல் வாங்க வந்த வியாபாரிகள் மாதிரி ஒவ்வொருத்தியும் கட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறாள். வார்டில் சில பேர் அவர்களைக் கண்டதும் தலையோடு போர்வையை இழுத்துக்கொள்வார்கள். அக்தரி சும்மா இருப்பாளா, "நம்மள வெச்சுக் கத்துக்குறாளுங்கடி, நாம இன்னா வெள்ளாட்டுத் தோலா?" என்று அந்தப் பெண்கள் காதுபடவே கேட்டாள். பக்கத்துக் கட்டில் பேரணாம்பட்டு ஹலீமா பீ வேறு ரகம், வயிற்றில் கட்டி என்று வந்தவள், "எவ எவளுக்கு எப்ப கல்யாணம்னு சொல்லிட்டு அப்புறம் தொடுங்க" என்பாள், அவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் அன்னம்மாள், நெமிலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், படிப்பு முடியப் போகிற வருஷம். போன வாரத்துக்கு முந்தின வாரம் பெரிய டாக்டரம்மா என்னிடம் வந்து, இந்தப் பெண்தான் உன் கட்டியை எடுப்பாள், நான் பக்கத்திலேயே நிற்பேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உனக்குத் தெரியாததா ரஃபி, நம் ஷாப்பில் புது ஆள் சேர்ந்தால் உன் அத்தா அவன் கையில் எந்தத் தோலைக் கொடுப்பார்? புழு அரித்தது, ஓட்டை விழுந்தது, விலைக்குப் போகாதென்று கழித்துப் போட்டது, அதில்தானே சதை சீவிப் பழகச் சொல்வார், நல்ல தோலை அனுபவசாலியைத் தவிர யாரிடமும் கொடுக்கமாட்டாரே. அப்படியென்றால் என்னைக் கழித்துவிட்டார்கள், இவள் பிழைக்கமாட்டாள், போகிற உடம்பில் அந்தப் பெண்ணாவது பழகட்டும் என்று கொடுத்திருக்கிறார்கள். இதுதான் என் மூளையில் ஓடினது. சாயங்காலம் பார்க்க வந்த உன் அத்தாவிடம் சொன்னேன், அவர் தைரியம் சொல்வார் என்று பார்த்தால் அவர் முகம் எனக்கு மேலே வெளுத்துப்போனது. அவருக்கும் அதே கணக்குதானே! "எழுந்திரு சுகரா, செத்தாலும் நம்ம வீட்ல சாவலாம்" என்று சொல்லிவிட்டு ஜட்கா பிடிக்கப் போய்விட்டார், அக்தரி அழுதுகொண்டே மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

மூட்டையைப் பார்த்துவிட்டு அன்னம்மாள் ஓடிவந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையச் சொல்லு பொண்ணே, நான் கழிச்ச தோல்தானே?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷாப்பு வழக்கத்தை விவரமாகச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கப் போய்க் கண்ணில் தண்ணீரும் வந்தது. "ஐயோ, இங்க அப்படியே தலைகீழும்மா. ஆபத்தான கேசு எதையும் எங்க கையில தரவே மாட்டாங்க, அத பெரிய டாக்டரம்மாவே பண்ணுவாங்க. உங்களுது தோலுக்கு அடியில இருக்குற சாதாரண கொழுப்புக் கட்டி, அதனாலதான் என்ன நம்பிக் குடுத்தாங்க" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "ஆனா பொய் சொல்ல மாட்டேன், நானா கத்தி எடுக்குறது இதான் மொத தடவ. வேணாம்னா சொல்லிடுங்க, டாக்டரம்மா பண்ணுவாங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க" என்றாள். சொல்லும்போது அவள் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, என்னைவிட இவள்தான் ஜாஸ்தி பயந்திருக்கிறாள். பயப்படுகிற கை பார்த்துத்தானே வெட்டும்! "சரி, நீயே பண்ணு, ஆனா கத்தி வெக்கும்போது பிஸ்மில்லா சொல்லணும்" என்றேன். அக்தரி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, "அடிப்பாவி, ஆட்ட அறுக்கும்போது சொல்றத இவளுக்குச் சொல்லிக் குடுக்குறியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சோறு சாப்பிடவும் அதைத்தானே சொல்கிறோம் என்று அவள் வாயை அடைத்தேன். ஜட்காவோடு வந்த உன் அத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டிக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு அவனைத் திருப்பி அனுப்பினார்.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போகிற ஊசிதான் போட்டார்கள், குப்புறப் படுத்திருந்தேன், வலியில்லை, யாரோ மாவு பிசைகிற மாதிரி இருந்தது. அன்னம்மாள் தப்புத் தப்பாக பிஸ்மில்லா சொன்னாள், அவள் முடிக்கிறவரை பெரிய டாக்டரம்மா பொறுத்து நின்றார். நடுவில் ஒரு தடவை "மெல்ல, மெல்ல" என்று அவர் சொன்னது கேட்டது, கலிமா சொல்லிக்கொண்டே கிடந்தேன். கடைசியில் ஒரு கிண்ணத்தில் கட்டியைக் கொண்டுவந்து காட்டினாள், கோழிக் கொழுப்பு மாதிரி மஞ்சளாய் அவ்வளவுதான், இதற்கா இத்தனை பேஜார்! அவள் நெற்றியெல்லாம் வேர்வை. மறைக்காமல் சொல்கிறேன், தையலில் ஒரு ஓரம் ஆறாமல் நீர் கசிந்தது, அக்தரி "நான் சொன்னேனா இல்லியா" என்று ஆரம்பித்தாள். யார் தைத்தாலும் சில பேருக்கு அப்படி ஆகுமாம், அன்னம்மாள் தானே வந்து வந்து கட்டு மாற்றினாள், இப்போது காய்ந்துவிட்டது. இந்தப் பெண் பெரிய டாக்டராகி வருவாள் பார், நான்தான் அவளுடைய முதல் நோயாளி என்று ஆம்பூர் பூராவும் சொல்லப்போகிறேன்!

ஒன்றுதான் மனசை அரிக்கிறது. ஹலீமா பீக்கு ஆபரேஷன் ஆனது, படிக்கிற பெண்கள் யாரும் அவளை வெட்டவில்லை, பெரிய டாக்டரம்மாவேதான், ரொம்ப நேரம் ஆனது. அவளால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை, ஆனாலும் டாக்டரம்மா வந்து குனிந்து பார்க்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "பாத்தியா சுகரா, உனக்குச் சின்னப் பொண்ணு, எனக்குப் பெரியவங்களே" என்று பெருமையாகச் சிரிக்கிறாள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "உனக்கென்னக்கா, ராணி மாதிரி கவனிப்பு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஐந்து வேளையும் அவளுக்காகக் கேட்கிறேன், நீயும் கேள்.

மருமகளைக் குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல். பதில் எழுத மறக்காதே, ஆம்பூர் விலாசத்துக்கே எழுது. உனக்கும் அவளுக்கும் நோயே வரக்கூடாது, அப்படி வந்தாலும் படிக்கிற பிள்ளை கையில் தைரியமாகக் கொடுக்கிற அளவுக்குச் சின்னதாகவே வரட்டும், பெரிய டாக்டர் உங்கள் கட்டிலுக்கு வரவே வேண்டாம், ஆமீன்.

உன் அம்மா,
சுகரா பேகம்