பொற்சங்கு அக்கரையிலேயே நிற்க

திரு நிலைக்க. வடவெல்லைப் போரில் நிற்கும் மன்னர் பொருட்டுச் செங்கழனி நாட்டை ஆளும் பட்டத்தரசி நீலமாதேவி, ஆம்பல்மூதூர் அரண்மனையிலிருந்து விடுக்கும் ஓலை. தலைமை அமைச்சரும் பேராயத்து முதல்வருமாகிய குவளையரையர் கண்டு தெளிக. உமக்கும் உம் குடிக்கும் நலம் பெருகுக.

நேற்று விடியலில் நாம் ஆண்மகவு ஈன்றோம். நீர் பொற்சங்கும் மலைத்தேனும் ஏந்திப் புறப்பட்டுவிட்டீர் என்றும், அமைச்சர் கையால் மூன்று நாள் தேன் தொட்டுவைத்த பின்னரே தாய் முலை கொடுத்தல் வேண்டும் என்றும், தேன் தொடாத பிள்ளையை இளவரசனாகப் பேராயம் ஏற்காது என்றும் உம் குதிரைத் தூதர் வந்து உரைத்தார். கேட்டோம். சினமே வந்தது, மறைப்பானேன்?

அமைச்சரே, இம்முறையை நாம் முன்னிரு மகப்பேற்றிலும் காத்தோம். மஞ்சள் நிறத்துச் சீம்பால் கெட்ட பால் என்று கூறி, மூன்று நாளும் அதைப் பீய்ச்சிச் சுவரடியில் ஊற்றச் செய்தனர், நாமும் பணிந்தோம். நமக்கு மார்பு கட்டி வலித்தது, அடுத்த அறையில் பிள்ளை அழுதது, உம் சங்கு மட்டும் உள்ளே சென்றது. மூத்தவன் ஏழாம் நாள் வயிறு கழிந்து மாண்டான். அடுத்தவன் ஐந்தாம் நாளே போனான். விதி என்றீர், நம்பினோம்.

இம்முறை மருத்துவச்சி கொற்றி ஒன்று கேட்டாள். ஈன்ற பசுவின் சீம்பாலைக் கன்றுக்கு மறுக்கும் இடையன் இந்நாட்டில் எவனேனும் உண்டோ என்றாள். நம் அரண்மனைத் தொழுவத்திலும் இல்லை. ஆதலின் பிறந்த நாழிகைக்குள்ளேயே மகனை மார்பில் இட்டோம். சீம்பாலைச் சொட்டு விடாமல் குடித்தான். இதை நாம் சொல்ல, எழுத்தர் திரைக்கு அப்பால் அமர்ந்து எழுதும் இப்பொழுதும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஆகவே நம் ஆணை இது. கொடுவாய் ஆற்றுத் துறையில் நம் காவலர் நிற்பர். நீர் வரலாம், மகனைக் காணலாம், வாயார வாழ்த்தலாம். சங்கு அக்கரையிலேயே நிற்கும். தேனோ சர்க்கரை நீரோ ஒரு துளியும் ஆற்றைக் கடவாது. கொற்றியைத் தண்டிக்க எண்ணுவோர் முதலில் நம்மைத் தண்டிக்கட்டும்.

அதன் பின்னும், தேன் தொட்ட பிள்ளைக்கே முடி என்று பேராயம் பிடிவாதம் பிடிக்குமாயின், அரண்மனைக் கொன்றை மரத்தடியில் இருவர் கிடக்கின்றனர். முறை ஒன்றும் குறையாமல் உம் கையாலேயே தேன் தொட்டவர்கள். அவர்களுக்குச் சூட்டுக.

இதற்கு ஆம்பல் முத்திரை இட்டோம்.