நீ கழுவிக் காயவைத்த சிடி

என் உயிர் எமிலி அக்காவுக்கு,

போன இடத்திலும் யாருக்காவது கஞ்சி காய்ச்சிக்கொண்டுதான் இருப்பாய். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

ஸ்டெல்லா மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். உன் அடக்கத்துக்கு வந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, அம்மா என் கல்யாணத்த பாத்துச்சா?" நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு கோழை உன் தம்பி.

உன் ஒரே மகளின் கல்யாணம் அவள் நர்ஸ் வேலை பார்க்கும் ஊரிலேயே நடந்தது, உன்னால் போக முடியவில்லை. மாப்பிள்ளையின் நண்பர் வீடியோவை நெட்டில் ஏற்றினார். ரெண்டு நாள் போராடி அதை என் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேராக வந்து நின்றாய்.

"டேய் சேவியரு, சிடில போட்டு குடுடா. ஞாயித்துக்கெழம லைன்வூட்டுக்காரங்க அத்தினி பேரையும் வரச் சொல்லிகீறேன்."

நெட்டில் இறக்கியதை அப்படியே சிடியில் ஏற்றினால் கம்ப்யூட்டரில்தான் ஓடும். வீட்டு பிளேயரில் ஓட வேண்டுமென்றால் அதற்கேற்ற மாதிரி மாற்றி எழுத வேண்டும். என் பழைய மெஷினுக்கு அது நாலு மணி நேர வேலை. கடை போர்டில் நானே எழுதி வைத்திருக்கும் தொழில் அது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அன்றைக்கு முழுக்க வியாசர்பாடி பசங்களின் ஃபுட்பால் மேட்ச் வீடியோ மெஷினில் மாறிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் உன்னுடையதைப் போட்டிருக்கலாம். அலுப்பு. அக்காதானே என்ற இளக்காரம். சில பிளேயர் எப்படியோ எடுத்துவிடும் என்று, அப்படியே காப்பி செய்து பத்தே நிமிஷத்தில் கையில் கொடுத்தேன். வாய் நிறைய சிரித்துக்கொண்டு போனாய்.

ஞாயிறு பூசை முடிந்து, பட்டுப்புடவை கட்டி, கேசரி கிண்டி, அத்தனை பேரையும் டிவி முன்னால் உட்கார வைத்தாய். திரையில் 'நோ டிஸ்க்' என்று மட்டும் வந்ததாம். எனக்கு போன் போட்டாய்.

"நா குடுத்த சிடி நல்லாத்தான் கீது. மீன் கையோட தொட்டிருப்ப, அதான் கலீஜாயிருக்கும்" என்றேன்.

போனை வைக்காமலேயே நீ அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "என் மேலதாம்மா தப்பு. மீன் கையோட தொட்டுட்டேன். கேசரி துன்னுட்டுப் போங்க."

ஏலக்காரனையே எதிர்த்துப் பேசுகிற வாய் உனக்கு. என்னை மட்டும் ஏன் அப்படி நம்பினாய் அக்கா?

நாளைக்கு வேறு போட்டுத் தருகிறேன் என்று ரெண்டு வாரம் ஓட்டினேன். அதற்குள் உனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து பக்கத்து வீட்டு மேரி என்னிடம் சொன்னாள்: "கைய எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுகினுதாண்ணா அந்த சிடிய எடுக்கும். அப்பவும் பயந்துகினு என்ன வுட்டுத்தான் போடச் சொல்லும். சிடிய கூட சோப்பு போட்டுக் கழுவுச்சு." கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். துணிக்கொடியில், உன் ரவிக்கைக்குப் பக்கத்தில், கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

நேற்று கடைக்கு வந்த ஆர்டரையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு மாற்றி எழுதினேன். நாலு மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. உன் பிளேயரில் போட்டேன், உடனே ஓடியது. கோயில் வாசலில் ஸ்டெல்லா காரிலிருந்து இறங்கியதும் கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுகிறாள். "யம்மா, பாத்துகினு கீறியா?" என்கிறாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

இன்றைக்கே ஸ்டெல்லாவுக்கு போன் போட்டு, நீ பார்க்கவில்லை, அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லப்போகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அன்றைக்கு வந்த அத்தனை பேரையும் உன் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். என் கேசரி உன்னுடையது மாதிரி வராது. அக்கா கையில் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் என் சோம்பேறித்தனம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பிளேயரைப் போடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அந்த மீன் கையால் சோறு தின்று வளர்ந்த
உன் தம்பி சேவியர்