வேப்பமரத்துக்குள் இருந்த குண்டு

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சானுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்து, பென்சிலில் ஒருமுறை எழுதிப் பார்த்த பிறகே பேனாவை எடுத்தேன். சிரிக்காதீர்கள். உங்கள் கடமான் விஷயமாக ஒரு செய்தி இருக்கிறது.

நினைவிருக்கிறதா? சேந்தமங்கலத்தில் உங்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டை, கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து மேய்ந்த அந்தக் கடமான்! ரைபிளுக்கு லைசன்ஸ் வாங்கிய நீங்கள், தோட்டா தேர்ந்தெடுக்கும் வேலையை, துப்பாக்கியைத் தொட்டே அறியாத என்னிடம் கொடுத்தீர்கள். படித்தவனாம். என் அஸ்தம்பட்டி வீட்டில், துப்பாக்கிக் கடைக்காரர் தந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அட்டவணை போட்டேன். முழுக்கச் செம்பு போர்த்திய குண்டு உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடும்; மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து துடிக்கும். மூக்கில் ஈயம் தெரியும் குண்டு உள்ளே போனதும் விரியும். மான் நின்ற இடத்திலேயே விழும். அதையே எடுத்தேன், கனமானதாகப் பார்த்து.

"ஏனுங்க மாப்ள, மூக்கு இத்தன மெதுவா இருக்குதே, தோலுலயே நசுங்கிப் போயிராதுங்களா?" என்றீர்கள்.

விடியற்காலையில் ஒரே வெடி. கடமான் ஓடிவிட்டது. அன்றே சந்தையில் அறிவித்துவிட்டீர்கள்: "நம்ம குறி தப்பலீங்க. மாப்ள எடுத்த ஈயந்தான் அப்பளமா நொறுங்கிப் போச்சு!"

அன்று முதல் அந்த ஊரில் நான் ஈயமூக்கு மாப்பிள்ளை. பெயர் போகட்டும். மேலோடு சிதறிய குண்டால் அந்த வாயில்லாப் பிராணி புதரில் கிடந்து செத்திருக்குமோ? இரண்டு நாள் ரத்தத்துளி தேடினேன். பத்து வருடமாக அட்டவணையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

போன வாரம் உங்கள் மகன், கதவு நிலைக்காகக் காட்டோரத்து வேம்பை வெட்டினான். மர மில்லில் ரம்பம் கிரீச்சிட்டு நின்றது. உள்ளே நம் குண்டு! மூக்கு காளான்போல் விரிந்து, பட்டியலில் இருந்த படம் மாதிரியே.

டேப் வைத்து அளந்தேன். அடியிலிருந்து பதினோரு அடி. மரம் வளர்ந்தபோது குண்டும் மேலே ஏறியிருக்குமோ என்று சந்தேகம். தாவரவியல் படித்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். ஏறாதாம். மச்சான், பதினோரு அடி உயரத்தில் எந்தக் கடமான் நின்றது?

அக்காவிடம், அதுதான் உங்கள் வீட்டம்மாவிடம், தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இதென்னங்க தம்பி அதிசயம்? வெடிக்கறப்போ அவரு ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்குவாரு. ஊட்டுல தீபாவளிக்கும் அப்படித்தானுங்க!"

"இத்தனை நாளா ஏங்க்கா சொல்லல?"

"அவரு இருக்கையில சொல்ல முடியுங்களா சாமி?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தக் கடமான் மேலே கீறல்கூடப் படவில்லை, மச்சான். அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. குண்டு இப்போது என் மேசைமேல், அட்டவணைத் தாள்கள் பறக்காமல் காவல் இருக்கிறது.

நான் அங்கே வரும் நாளில் தோட்டாவை நானே பார்த்து எடுத்து வருகிறேன். இது உறுதி. நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

உங்கள் தங்கையின் கணவன்,
ஈயமூக்கு மாப்பிள்ளை